கடைசி ஆளுக்குப் பின்னால்

குமுதா உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தபடியே சோற்றை முடித்துவிடுவாள். ரசம் முழங்கை வரை வழிந்தாலும் நிற்க மாட்டாள்.

"ஒரு எடத்துல நின்னாச்சும் சாப்பிடேன். பார்க்குற எனக்குக் கால் வலிக்குது" என்பான் பத்துமலை.

"வலிச்சா அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

பத்துமலை அவள் புருஷன். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவின் காய்கறிப் பாசாருக்கு இறக்கும் லாரி அவனுடையது. நாள் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவான். வந்ததும் சோபாவில் உட்கார்ந்து களைப்பாறுவான். கல்யாணமான புதிதில் அவளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறான். ஏற்றத்தில் லாரி முக்கி முனகிக்கொண்டு ஊர்ந்தபோது, அவள் கதவைத் திறந்து குதித்து, லாரிக்கு முன்னால் வளைவு வரைக்கும் ஓடிப்போய் நின்று கையாட்டினாள். அன்றைக்கு அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அதற்கப்புறம் அவளை லாரியில் ஏற்றியது குறைந்துபோனது.

குமுதா பிறந்தது பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தோட்டத்தை விற்றபோது அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். குடும்பம் ஈப்போவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தது. அவள் அதற்காக அழவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் கூரை ஒழுகியது. இங்கே மேல்வீட்டுக் குழாய் ஒழுகியது. ஒரே ஒரு குறைதான். லயத்தில் வாசலை விட்டு இறங்கினால் ஓடலாம். இங்கே வாசலை விட்டு இறங்கினால் படிக்கட்டு.

வேலைகளும் அவளிடம் தங்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன்னால் நிற்க முடியாமல் விட்டாள். தையல் கடையில் உட்கார முடியாமல் விட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை ஓரளவு ஒத்துப்போனது, நீளமான வராந்தாக்கள் இருந்ததால். அங்கே மாடி மாற்றிச் சின்ன அறைகளில் போட்டதும் அதையும் விட்டாள். இப்போது டோபி கடை ஒன்றில் துணி வாங்கி, துணி கொடுக்கிறாள். ஹோட்டல்களுக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவது அவள் பொறுப்பு. வேன் இருக்கிறது. ஆனாலும் நடந்துதான் போவாள்.

மகள் ஷாமினி பள்ளியை முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போன வருஷத்தில்தான் குமுதா மலைக்குப் போக ஆரம்பித்தாள். மெங்லெம்பு மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊரே நடக்கும். சீனக் கிழவிகள் தாவணி மாதிரி துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி ஏறுவார்கள். குமுதா முதல் வாரம் நடந்தாள். இரண்டாம் வாரம் ஓடினாள். காலில் போட்டிருந்தது பால்வெட்டுக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் முள்முள்ளாக இருக்கும், சேற்றில் வழுக்காது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்த அந்த உச்சியில், கீழே சுண்ணாம்புக் குன்றுகள் பனியில் மிதந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. திரும்பி இறங்கி, மறுபடியும் ஏறினாள்.

அங்கே அவளைக் கவனித்தவன் ஸைஃபுல். ஈப்போ டவுனில் அபுபக்கர் பாய் சாப்பாட்டுக்கடை என்றால் தெரியும், அவருடைய மகன். கடையில் பரோட்டா போடுவதைவிட மலைகளில் ஓட்டப் பந்தயம் நடத்துவதில்தான் அவனுக்கு மோகம். பழைய தோட்டங்கள், கைவிட்ட ஈயச் சுரங்க லம்பங்கள், காட்டுப் பாதைகள் என்று தேடிப்பிடித்து வழி போடுவான். எங்கெங்கிருந்தோ ஆள்கள் வந்து ஓடுவார்கள்.

"அக்கா, ஒரு ஒத்தாச செய்வீங்களா?" என்று கேட்டான். "கடைசியா வர்றதுக்கு ஆள் வேணும்."

"கடைசியா வர்றதுக்கா? அதுக்கு எதுக்கு ஆளு? அது தானா நடக்குமே!"

ஸைஃபுல் விளக்கினான். பாதை தெரிவதற்காக மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் வர வேண்டும். அவரை முந்தக் கூடாது, விரட்டக் கூடாது, கண்ணை விட்டும் விடக் கூடாது. ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வந்து, எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்வீப்பர் என்று பெயர்.

"ஸ்வீப்பரா?" என்றான் பத்துமலை வீட்டில். "அதத்தான் ஆஸ்பத்திரியில பார்த்தியே. அங்கயாச்சும் நெழல் இருந்துச்சு."

ஓடத் துடிக்கிற கால்களை, ஓட முடியாதவர்களின் பின்னால் கட்டிப் போட்ட மாதிரிதான் அது. முட்டி பிடித்துக்கொண்டவர்கள், புதுச் சப்பாத்து கடித்தவர்கள், பாதி வழியில் வாழ்க்கையை நினைத்து அழுகிறவர்கள் என்று எல்லார் முதுகையும் குமுதா பார்த்தாயிற்று. மூன்று வருஷமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் கேட்டாள்: "தம்பி, ஒரு தடவ என்ன முன்னால விடேன்." ஒவ்வொரு தடவையும் அவன் தலையைச் சொறிந்தான்: "ஆள் இல்லக்கா. உங்கள மாதிரி பொறுமையா யாரு வருவா?"

அவளைப் பொறுமைசாலி என்று சொன்ன ஒரே மனிதன் அவன்தான்.

இந்த முறை அவள் விடவில்லை. "இதான் கடைசி. அடுத்த ஓட்டத்துல நான் முன்னால நிப்பேன். சரின்னா வாரேன், இல்லன்னா வீட்டுல துணி காயப் போடுறேன்."

"சரிக்கா. இத மட்டும் சுத்தமா முடிச்சுக் கொடுங்க. அடுத்தது உங்களுக்குத்தான்."

அடுத்த ஓட்டம் கேமரன் பக்கம். பத்துமலையின் லாரி முக்கிக்கொண்டு ஏறும் அதே மலை.

*

இந்த ஓட்டம் சிம்பாங் பூலாய் தாண்டி உள்ளே, ஈயமேட்டுத் தோட்டத்தில். முன்பு ரப்பர், அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. இப்போது ஏதோ ஒரு கம்பெனி வாங்கி, இரும்புக் கேட் போட்டுப் பூட்டி, காவலுக்கு ஆள் வைத்திருக்கிறது. சனங்கள் வெளியேறி வெகுகாலமாயிற்று. பந்தயத்துக்காக ஒரு நாள் மட்டும் கேட்டைத் திறக்கச் சம்மதித்தார்கள். ஸைஃபுல் விடிகாலையில் ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் சொன்னான்: ரிப்பன் கட்டின பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது, கம்பெனியின் உத்தரவு.

மதியம் ஆவதற்குள் குமுதாவுக்குத் தன் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. சதாசிவம். பள்ளி வேன் ஓட்டுகிறவர். அறுபதை ஒட்டிய வயது, முன்னால் நடக்கும் தொப்பை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மஞ்சள் பனியன், முதுகில் பிதுங்கிய ஒரு பை. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இந்தா, இங்கதான் புள்ளைங்கள பார்த்துக்குற ஆயக்கொட்டகை இருந்துச்சு. நான் அதுல வளந்தவன்தான். அந்தப் பக்கம் கணக்கு எழுதுற கெராணி வீடு. ஒரு நாயி வெச்சிருந்தாரு பாரு..."

"அண்ணே, நடந்துக்கிட்டே பேசலாம்லா. நின்னு பேசுனா பேச்சு மட்டும்தான் நகருது."

"அவசரம்னா நீ முன்னால போம்மா."

"போக முடியாதே. நான்தான் கடைசி."

"அப்ப நான்?"

"நீங்க கடைசிக்கு முந்தி."

"அப்பாடா" என்று சதாசிவம் நெஞ்சில் கை வைத்தார். "பொறந்ததுலேருந்து மொத தடவ ஒருத்தர ஜெயிச்சிருக்கேன்."

நெஞ்சில் வைத்த கையோடு பனியனைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே நீளமாக ஒரு தையல் தழும்பு. "போன வருசம் தொறந்து பார்த்துட்டு மூடிட்டாங்க. உள்ள ஒண்ணும் காணோமாம்."

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அண்ணே! இதோடயா மலையேற வந்தீங்க? டாக்டருக்குத் தெரியுமா?"

"அவருதான் நடக்கச் சொன்னாரு."

"நடக்கத்தானே சொன்னாரு? மலையேறச் சொல்லலயே!"

"மலையையும் நடந்துதானம்மா ஏறணும்."

அதற்குப் பிறகு அவள் அவரை அவசரப்படுத்தவில்லை. ஆனால் கால்கள் கேட்கவில்லை. அவர் ஓரடி வைத்தால் அவள் அந்த இடத்திலேயே நாலு தடவை மிதித்தாள். மேலே மேகம் கறுத்து மலைத்தொடரின் பாதியை மறைத்துவிட்டது. பெராக் மாநிலத்தில் மத்தியான மழை சொல்லிக்கொண்டு வராது. வந்தால் செம்மண் பாதை எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அடுத்த ஓட்டம் அவளுடையது. அவள் மனசு இவரைத் தாண்டிக் கேமரன் வளைவுகளில் ஏற ஆரம்பித்திருந்தது.

சுண்ணாம்புப் பாறை ஒன்று செங்குத்தாக எழும் இடத்தில் பாதை வளைந்தது. பாறையின் அடியில், செம்பனைகளுக்கு அப்பால், துத்தநாகத் தகரக் கூரை ஒன்று தெரிந்தது. பார்த்ததுமே குமுதாவுக்குப் புரிந்தது. முனியாண்டி. தலை தானாகக் கொஞ்சம் குனிந்தது. எந்தத் தோட்டமானாலும் முனியாண்டி எல்லைக்குச் சட்டம் ஒன்றுதான்: சத்தம் போடக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, முக்கியமாக ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்தப் பேரை வேறு ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளும்.

சதாசிவம் நின்றார். "தங்கச்சி, நீ அந்த வளைவுக்கு அந்தாண்ட போய் நில்லேன். நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வாரேன்."

கண்ணை விட்டு விடக் கூடாது என்பதுதான் ஸ்வீப்பரின் முதல் பாடம். ஆனால் வயசான மனுஷர் ஒண்ணுக்குப் போகிறபோது எந்தப் பொம்பளை பார்த்துக்கொண்டு நிற்பாள்? குமுதா வளைவைத் தாண்டிப்போய் முதுகைக் காட்டி நின்றாள். நின்றாள் என்று சொல்வதைவிட, அங்கேயும் இங்கேயும் நடந்தாள்.

அவர் வரவில்லை.

விசில் கழுத்தில் தொங்கியது. கை அதன் மேல் போய், திரும்பி வந்தது. 'அண்ணே' என்று வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் கீழே, பாதை இறங்கிப் போகும் சரிவில், செம்பனைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் சட்டை அசைந்து போனது.

"அடப் பாவி மனுசா! குறுக்கால எறங்கிட்டாரு!"

தோட்டத்தில் பிறந்தவர், குறுக்குவழி தெரியாமலா இருக்கும்? கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. குமுதா வளைவில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள், அடுத்ததை அவிழ்த்தாள். மஞ்சளைப் பிடிக்க வேண்டும் என்ற சாக்கில், காலையிலிருந்து அடக்கி வைத்த கால்களை அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்துக்கொண்டே ஓடினாள்.

*

பழைய ரப்பர் பால் கொட்டகையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஸைஃபுலின் மனைவி நூருல் வாழைப்பழத் தோல்களைப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க நூருல், மஞ்சப் பனியன்காரரு? தண்ணி குடிச்சிட்டுப் போய்ட்டாரா?"

"யாருக்கா? சதாசிவம் அண்ணனா? அவரு உங்ககூடத்தானே வரணும்? இன்னும் வரலயே!"

"இல்லயே, எனக்கு முன்னால எறங்குனாரே..."

செம்பனை வரிசையிலிருந்து ஒரு பங்களாதேஷ்காரப் பையன் தள்ளுவண்டியில் பழக்குலையோடு வெளியே வந்தான். அவன் போட்டிருந்தது கம்பெனிச் சட்டை. மஞ்சள்.

குமுதா திரும்பி, தான் இறங்கி வந்த சரிவைப் பார்த்தாள்.

நூருல் வாக்கி டாக்கியை நீட்டினாள். மறுமுனையில் ஸைஃபுல். "அக்கா, பதறாதீங்க. கடைசியா எங்க பார்த்தீங்க?"

"பாறை வளைவுல. முனியாண்டி கோயில்கிட்ட."

"தாப்பா, பரவால்ல. ரிப்பன் இருக்குல்ல, அத பார்த்துக்கிட்டு வந்துருவாரு."

குமுதா கையிலிருந்த ரிப்பன் பையைப் பார்த்தாள்.

"அக்கா? ரிப்பன் இருக்குல்ல?"

"அவுத்துட்டேன்."

வாக்கி டாக்கி கரகரத்தது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அலமாக்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். பிறகு, "நீங்க அங்கயே இருங்க. மோட்டார் சைக்கிள்ல ஆள் அனுப்புறேன்."

"மோட்டார் இந்தக் கொட்டகை வரைக்கும்தான் வரும். மழை வந்தா அதுவும் வராது. அவருக்கு நெஞ்சுல தையல் போட்டிருக்கு, தம்பி."

அதைச் சொல்லி முடிக்கும்போதே வாக்கி டாக்கியை நூருலின் கையில் திணித்திருந்தாள். ரிப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

ஓடினாள். மூன்று வருஷமாக மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்தவள், முன்னால் ஒருவரும் இல்லாத பாதையில் ஏறி ஓடினாள். ரப்பர் சப்பாத்தின் முட்கள் செம்மண்ணைக் கவ்வின. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, அவிழ்த்த ரிப்பனை அதே மரத்தில் மறுபடி கட்டினாள். இறங்கும்போது வழி வேண்டும். கட்டிய கை விடுவதற்குள் கால் கிளம்பிவிட்டது. இடது பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க மழை இறங்கி வருவது வெள்ளைத் துணி மாதிரி தெரிந்தது. காற்றில் ஈரமண் வாசம். மூச்சு சீராக ஓடியது. உடம்பு லேசாக இருந்தது.

சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ஒரு மனுஷர் எங்கே விழுந்து கிடக்கிறாரோ தெரியவில்லை, இவளுக்கு இங்கே கால் சந்தோஷமாக இருக்கிறது. 'சனியன் புடிச்ச காலு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் வேகம் குறையவில்லை.

பாறை வளைவுக்கு வந்து, பாதையை விட்டுத் தகரக் கூரைப் பக்கம் இறங்கினாள். முனியாண்டி, கையில் அரிவாளோடு, சாயம் உதிர்ந்த மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். காலடியில் கற்பூரம் எரிந்த கரி. வெட்டிய எலுமிச்சம்பழம், குங்குமம் இன்னும் ஈரமாக. பாதி புகைந்து அணைந்த சுருட்டு. பக்கத்தில் ஒரு டின் கறுப்பு பீர், திறந்து வைத்தபடி.

அந்தப் பிதுங்கிய பைக்குள் இருந்தது இதுதான்.

ஆள் மட்டும் இல்லை. நாலா பக்கமும் செம்பனை வரிசைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நீண்டு, ஒரே மாதிரி இருட்டின. மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

குமுதா விசிலை எடுத்து வாயில் வைத்தாள். மீசைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டு ஊதினாள். பதில் இல்லை. "அண்ணே!" என்றாள். மழைதான் பதில் சொன்னது. அவளுக்கு இதில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்த மனுஷரின் பேர் தொண்டைக்குள் வந்து நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. பேரைச் சொல்லி, அதனாலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டு, அதனாலேயே ஆகிவிட்டால்?

தையல் தழும்பு கண் முன்னால் வந்தது.

"சதாசிவம் அண்ணே!" என்று கத்தினாள்.

ஒன்றும் இல்லை.

"சதாசிவம் அண்ணே! எங்க இருக்கீங்க?"

மழை கொட்ட ஆரம்பித்தது. பயம் முற்றிக் கோபமாகிவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "யோவ் சதாசிவம்! வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுய்யா!"

"இந்தா, இங்க இருக்கேம்மா" என்று ஒரு குரல் சாவகாசமாகக் கேட்டது. கூப்பிடு தூரம்கூட இல்லை. நாலைந்து மரங்களுக்கு அப்பால்.

கால்வாய் ஓரத்தில், வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் மேல், ஒரு மட்டையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு சதாசிவம் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் நீட்டியபடி, கணுக்கால் வீங்கி.

"ரிப்பனயே காணோம்மா. எந்த வரிசையில போறதுன்னு தெரியல. இங்க பால்மரம் நின்னப்ப கண்ண மூடிக்கிட்டுப் போவேன். இப்ப எல்லாம் ஒரே மூஞ்சி. கால்வாய்ல வழுக்கிட்டேன்."

"நெஞ்சு? நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. உன் சத்தத்துலதான் கொஞ்சம் அடிச்சுக்கிச்சு."

"மொதல்ல கூப்பிட்டது கேக்கலயா?"

"கேட்டுச்சே. விசிலும் கேட்டுச்சு."

குமுதா அப்படியே நின்றாள். மழை முகத்தில் வழிந்தது. "கேட்டும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

"முனியாண்டி எல்லையில ஒரு தடவ கூப்பிட்டா பதில் சொல்லலாமா? மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் மனுசன்னு அர்த்தம். நீயும் தோட்டத்துப் புள்ளதான, தெரியாதா?"

தெரியும். அவர் பதில் சொல்லக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார். இவள் பேர் சொல்லக் கூடாது என்று நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு, நாலு மரத்து இடைவெளியில் செத்திருப்பார்கள்.

"உங்கள நான் இங்கயே விட்டுட்டுப் போகணும்" என்றாள். சொல்லிவிட்டு அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டாள்.

இறக்கம் நெடுக அவர் எடை அவள் மேல் இருந்தது. ஓரடி, நிறுத்தம், ஓரடி. கால்கள் துடித்துத் துடித்து அடங்கின. ஆபரேஷன் மேசையில் கிடந்தபோது அவர் வேண்டிக்கொண்டாராம்: பிழைத்து எழுந்தால் பிறந்த தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டும் பீரும். எழுந்து வந்து பார்த்தால் கேட்டில் பூட்டு. காவல்காரர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு நாள் திறக்கிறார்கள் என்று மகன் போனில் பார்த்துச் சொன்னதும் பேர் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணுக்குன்னு பொய் சொன்னீங்க."

"பாதைய விட்டு எறங்கக் கூடாதுன்னு மைக்குல கத்துறான். உன்கிட்ட சொன்னா நீ விட்டிருப்பியா?"

குமுதா யோசித்தாள். "கூடவே வந்து கும்பிட்டிருப்பேன்."

"அடடா" என்றார் சதாசிவம். அவள் மறுபடி கட்டிய ரிப்பன்களைத் தாண்டும்போதெல்லாம், சும்மா இருக்கும் தன் இன்னொரு கையால் அவரே அவிழ்த்து அவள் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

*

கேட்டுக்குப் பக்கத்தில், பந்தயம் முடியும் இடத்தில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஸைஃபுல் குடையைப் போட்டுவிட்டு மழையில் ஓடி வந்தான். சதாசிவத்தின் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். காலைப் பார்த்தார்கள், நாடியைப் பார்த்தார்கள், சூடாக மைலோ கொடுத்தார்கள்.

"தப்பு என் மேலதான் தம்பி" என்று சதாசிவம் ஆரம்பித்தார். "நான்தான் இந்தப் புள்ளய முன்னால போகச் சொல்லி, நான் குறுக்கால போயிடுறேன்னு..."

"இல்ல" என்றாள் குமுதா. "அவரு அப்படிச் சொல்லல. நான்தான் ஒரு மஞ்சச் சட்டையப் பார்த்துட்டு, அவருதான்னு நெனச்சிட்டேன். நின்னு பார்த்திருக்கணும். பொறுக்கல. ரிப்பன அவுத்துட்டு ஓடிட்டேன்."

ஸைஃபுல் தலையைச் சொறிந்தான். மழைத் தண்ணீர் அவன் விரல் வழியாகக் கொட்டியது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்கள கடைசியா விட முடியாது."

"தெரியும்."

"அடுத்தது நீங்க ஓடணும்னா ஓடுங்க. எல்லாரையும் மாதிரி பேர் கொடுத்துட்டு வரிசையில நில்லுங்க. சொன்னது சொன்னதுதான்."

"சரி தம்பி" என்றாள். மூன்று வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம் பிடிக்கவில்லை. அவனுக்கு அவள் மேல் கோபம் இருந்தது. அதை அவன் மறைத்ததுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கார் கிளம்பும்போது சதாசிவம் கண்ணாடியை இறக்கினார். "தங்கச்சி! அடுத்த வருசமும் தொறந்தா நான் வாரேன். சுருட்டு பாதியில அணைஞ்சிருச்சு."

"அடுத்த வருசம் உங்க பின்னால நான் இருக்க மாட்டேண்ணே."

"அப்ப என்ன யாரு திட்டுவா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் மகன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

பத்துமலையின் லாரி ரோட்டோரம் நின்றிருந்தது. மலையிலிருந்து லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருந்தான். உள்ளே கோசு வாடை. அவள் ஏறி உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்து அவள் மடியில் போட்டான். நடந்ததை அவள் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அவன் வைப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப வேலையிலேருந்து தூக்கிட்டாங்க."

"ஆமா."

"இனிமே ஞாயித்துக்கெழம வீட்டுல உக்காருவே."

"இல்ல. அடுத்த மாசம் ஓடுறேன். கேமரன்ல. உங்க ரோட்டு ஓரமாத்தான் ஏறுது."

பத்துமலை கியரைப் போட்டான். லாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. "அன்னிக்கு எனக்கு மேல போற லோடு இல்ல. காலி லாரிதான்" என்றான். "காலி லாரி வேகமாப் போகும், தெரியும்லா?"

"பார்ப்போம்."

அவன் டேஷ்போர்டிலிருந்து ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். காலையிலிருந்து அவள் வாழைப்பழம்கூடத் தின்னவில்லை. பொட்டலத்தை மடியில் பிரித்து, நெத்திலிச் சம்பலைச் சோற்றில் பிசைந்து, ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பத்துமலை ஓரக்கண்ணால் இரண்டு தடவை பார்த்தான்.

"என்னா அப்படிப் பார்க்குறீங்க?"

"உக்காந்து சாப்பிடுற."

குமுதா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். "வண்டி ஓடுதுல்ல?" என்றாள்.

சிம்பாங் பூலாய் சந்தியில் சிவப்பு விழுந்தது. லாரி நின்றது. அவள் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ரப்பர் சப்பாத்து லாரியின் தகரத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. முன்னால் கார்கள், இடது பக்கம் ஈப்போ, வலது பக்கம் மழை கழுவி விட்ட மலை. அவள் எட்டி எட்டி விளக்கைப் பார்த்தாள்.

"பச்ச விழுந்துருச்சுங்க" என்றாள். "எடுங்க, எடுங்க."

இன்னும் விழவில்லை.